படிக்கட்டுக் கோப்பு

பொய் மருத்துவச் சான்றிதழைப் பத்தடி தூரத்திலேயே மோப்பம் பிடிப்பவர் என்று அலுவலகத்தில் விடுப்பு அனுமதிக்கும் மேலாளரான அவருக்குப் பெயர். இருமலைக் கேட்டே அது அசலா போலியா என்று சொல்லிவிடுவார். ஊழியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'ஸ்டெதஸ்கோப்' என்றார்கள்.

அவர் வீட்டிலேயே ஒரு வழக்கு முளைத்தது. இரண்டாம் மாடிக்கு நாற்பது படிகள். ஏறுவதற்குள் மனைவிக்கு மூச்சு வாங்கியது.

"எங்க அக்கா வர்ற அன்னைக்கு மட்டும் உனக்கு இது எப்படி அதிகமாகுது?"

"அன்னைக்குத்தானே ரெண்டு தடவை கடைக்கு ஏறி இறங்குறேன்!"

'பதிலைத் தயாராக வைத்திருக்கிறாள். சந்தேகத்துக்குரியது' என்று நோட்டில் எழுதினார். பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கித் தினமும் அவள் கையில் பட்டையைச் சுற்றினார். 120/80. நடிப்புதான் என்று வழக்கு ருசுவாகிவிட்டது.

பதினான்காவது மாதம் அவள் படியிலேயே மயங்கி விழுந்தாள்.

எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல அழுத்தம் ரொம்ப அதிகம். இதயத்தோட வலது பக்கம் திணறுது."

அவர் கருவியை எடுத்து மேஜையில் சாட்சி மாதிரி நிறுத்தினார். "பிரஷர் நார்மல், டாக்டர்."

"அது கையில பார்க்குறது சார். நெஞ்சுக்குள்ள நடக்குறது அதுக்குத் தெரியாது."

'டெஸ்ட் எடுக்க வைக்கிற வேலை' என்று முணுமுணுத்தபடி நோட்டை நீட்டினார். "இதையும் பாருங்க. எல்லாம் நடிப்பு. தேதிவாரியா ஆதாரம் இருக்கு."

டாக்டர் நிதானமாகப் புரட்டினார். முதல் பக்கம்: 'நாற்பது படியும் ஏறிய பிறகு நின்றாள்.' நடுவில்: 'இருபத்திரண்டில் நின்றாள். கால் வீக்கமாம், செருப்பைக் குறை சொல்கிறாள்.' கடைசியில்: 'எட்டாம் படி.'

"நோய் எப்படி வளர்ந்துச்சுன்னு இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்ல, சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாராட்டு என்று நினைத்துவிட்டார்.

"இதை முதல் மாசமே கொண்டுவந்திருக்கலாம்."

மனைவி கை நீட்டி நோட்டை வாங்கினாள். எல்லாப் பக்கத்தையும் படித்தாள். மூடித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை அளந்தார்கள், நோய் உறுதியானது. ஸ்கேனில் காரணமும் பிடிபட்டது: நுரையீரலில் பழைய ரத்தக்கட்டிகள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து, கட்டிகளை எடுக்க அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். முன்பே வந்திருந்தால் இதயம் இவ்வளவு களைத்திருக்காது என்றார் டாக்டர்.

வீடு திரும்பினார்கள். எட்டாம் படியில் அவள் நின்றாள். அவர் சட்டைப்பையைத் தடவினார், நோட்டு இல்லை. வெறுமனே இருந்த கையை அவளிடம் நீட்டினார்.

அவள் அந்தக் கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன இன்னைக்கு? உங்க அக்கா வர்றாங்களா?"