தூக்க ஏரி

அக்கா அந்தப் பூங்காவை வரைந்தபோது அதில் ஒரு ராட்டினம்கூட இல்லை. நடுவில் ஓர் ஏரி, அதன்மேல் செயற்கைப் பனிமூட்டம், துடுப்பில்லாமல் நீரோட்டத்தோடு நகரும் படகுகள். வருகிறவர்கள் கண் சொக்கிப்போய்க் கரையேற வேண்டும். அவ்வளவுதான் அவள் கனவு.

பூங்காவை நடத்திய தம்பிக்கோ கூட்டம் வேண்டும். முதலில் படகுகளில் பாட்டு வைத்தான். பிறகு ஏரிக்கு மேலே தலைகீழாகச் சுற்றும் ரயிலை விட்டான். கடைசியில் பனிக்குள் உறுமும் டைனோசர்களை நிறுத்தினான்.

"கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதையா இருக்குடா" என்று சொல்லிவிட்டுப் போன அக்கா, பல வருடங்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது தம்பியே கூப்பிட்டான். "உங்கிட்ட பேசாம என்னவோபோல இருக்குக்கா. நீ வரைஞ்சபடியே மாத்திடலாம். எதைத் தூக்கணும்னு நீயே வந்து பார்த்துச் சொல்லு."

படகில் அவளுக்கு எதிரே கைக்குழந்தையோடு ஒரு தாய். பனி வந்து முகத்தைத் தொட்டது. கரை மறைந்தது. நீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து பச்சைக் கழுத்து ஒன்று நீண்டு, தொண்டை கட்டியவனைப்போல உறுமியது.

"முதல்ல இதைத் தூக்கணும்" என்று முணுமுணுத்தாள் அக்கா.

"ஐயையோ, வேண்டாங்க!" தாய் பதறிப்போய்க் கிசுகிசுத்தாள். "வீட்ல பொட்டுக்கூடக் கண் மூடமாட்டான். இது உறுமினாத்தான் தூங்குறான். அந்தச் சாக்குல நானும் கொஞ்சம் கண்ணசருவேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த படகில் சீருடையோடு ஒரு செவிலி வாய்திறந்து உறங்கினாள். அவளருகில் ஒரு பெரியவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்திருந்தார். மேலே ரயிலில் போகிறவர்களின் அலறல், பனியில் வடிந்து, எங்கோ பறவைகள் கூவுவதுபோல் இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொட்டாவியும்.

படகுத்துறையில் தம்பி தவிப்போடு நின்றான். "என்னக்கா, எதைத் தூக்கணும்?"

"ஒண்ணையும் தூக்காதே. அந்தப் பச்சைக்குக் கழுத்துல சாயம் உரிஞ்சிருக்கு, பூசிவிடு."

"கோவமா?"

"நான் செஞ்சிருந்தா இவ்வளவு கோமாளித்தனமா வந்திருக்காதுடா. ஆனா எல்லாரும் தூங்குறாங்க." படகில் உட்கார்ந்தபடியே நகர்ந்து இடம் விட்டாள். "வா, ஏறு."

பூங்கா திறந்ததிலிருந்து ஒருமுறைகூடப் படகில் ஏறாத தம்பி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினான். படகு மெல்லப் பனிக்குள் நுழைந்தது. முதல் உறுமல் கேட்பதற்குள் அவன் தலை அக்காவின் தோளில் சாய்ந்துவிட்டது.