புள்ளி வைத்த முட்டைகள்

மகன் பாலுவுக்குச் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்து குளித்த பிறகுதான் தணிகாசலத்துக்குக் கட்டிலடியில் இருந்த தெர்மாகோல் பெட்டி ஞாபகம் வந்தது.

இழுத்துத் திறந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஈரமான தேங்காய் நார்த்தூளில் பாதி புதைந்தபடி ஒன்பது முட்டைகள். கோழி முட்டையைவிடச் சிறியவை, நீள்வட்டமாக இருந்தன. ஓடு தோல்போல மெத்தென்றிருந்தது. ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் மார்க்கர் பேனாவால் ஒரு கறுப்புப் புள்ளி.

பாலு அசோக் நகரில் மீன், பறவை விற்கும் கடையில் வேலை பார்த்தான். அங்கிருந்துதான் மூன்று வருடத்துக்கு முன்பு அந்தக் கார்ன் ஸ்நேக் என்ற வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டுவந்தான். ஆரஞ்சு நிறத்தில் சிவப்புத் திட்டுகளோடு இருக்கும், விஷம் கிடையாது. பாலுவின் அம்மா சுப்பம்மா மட்டும் அது இருந்த மூலைக்குக் கடைசிவரை பெருக்கப் போகவில்லை. பாலு செத்த மறுநாள் கடை முதலாளி வந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்று பாம்பைக் கண்ணாடித் தொட்டியோடு எடுத்துப் போய்விட்டார். முட்டைகள் இருப்பது அவருக்குத் தெரியாது.

பாலுவை லாரி இடித்த அந்த வாரத்தின் தொடக்கத்தில்தான் பாம்பு முட்டையிட்டது. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்குள் பாலு பிரித்து அடுக்கினான். "நைனா, இதுக்குத் தாய் வந்து குந்தாது. சூடு ஏறாம, ஈரம் காயாம பாத்துக்கினா போதும். ரெண்டு மாசத்துல குட்டி வந்துரும்" என்றான். தணிகாசலம் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாம்புக்கு ஆயா வேலை பாக்கறியாடா நீ" என்றார். அவன் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டிலடியில் தள்ளினான்.

இப்போது அந்தப் புள்ளிகளை அவர் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். அடையாற்றங்கரையில் குடிசையில் இருந்த காலத்தில் அவர் சண்டைச் சேவல் வளர்த்தவர். அடைக்கோழியை நாய் கவ்விக்கொண்டு போன ஒரு சமயம், சோப்பு அட்டைப்பெட்டியில் குண்டு பல்பு கட்டி அவரே குஞ்சு பொரித்தார். முட்டையின் ஒரு பக்கம் கரியால் குறி. காலையில் குறி மேலே, சாயங்காலம் கீழே. திருப்பாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துப்போகும். இந்தக் கதையைப் பாலுவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவன் போனை நோண்டிக்கொண்டே உம் கொட்டுவான். காதில் வாங்கியிருக்கிறான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து அதுவே வேலையாயிற்று. கோட்டூர்புரத்தில் ஓர் அபார்ட்மெண்டில் அவருக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை. கிளம்புமுன் புள்ளியைக் கீழே திருப்புவார். காலையில் வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் மேலே திருப்புவார். வெயில் ஏறினால் பெட்டிக்குள் ஐஸ் பாட்டில் வைப்பார்.

"அத்தக் கொண்டுபோய் ஆத்துல போடுய்யா" என்றாள் சுப்பம்மா முதலில். அவள் சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாட்கள் அவை. பிறகு ஒரு நாள் படுத்தபடியே, "அசைதா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் கீழ் வீட்டு ஷீலாவின் பிரிட்ஜிலிருந்து அவளே ஐஸ் பாட்டிலை வாங்கிவந்தாள். மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டாள். "குட்டி வந்தா ஒண்ணு நாம வெச்சிக்கலாம்யா. எல்லாத்தையும் கடைக்காரன்கிட்ட குடுத்துராத" என்றாள். ஆகட்டும் என்று அவர் தலையாட்டினார். இவை பொரியாமல் போனால் அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

காதர் ஊன்றுகோலோடு வந்த அன்று மணி நாலு இருக்கும். பாலுவோடு அதே கடையில் வேலை பார்த்தவன்; தண்ணி லாரி இடித்தபோது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தான். கால் முறிந்து இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"உங்க மூணாவது மாடி ஏர்றதுக்குள்ள நல்ல காலும் ஒடிஞ்சிரும் போல கீது நைனா" என்றபடி உட்கார்ந்தவன், சுப்பம்மா டீ வாங்கக் கீழே போனதும் குரலைத் தாழ்த்தினான். "அந்த முட்டைங்க இன்னா ஆச்சு? நெனச்சிக்கினே இருந்தேன். எல்லாம் வீணாப்பூட்டிருக்கும்."

தணிகாசலம் பெருமையோடு பெட்டியை இழுத்து வைத்தார்.

காதரின் முகம் மலர்ந்தது. கதவைச் சாத்தச் சொன்னான். போன் டார்ச்சைப் போட்டு முட்டைக்கு அடியில் பிடித்தான். "உள்ள செவப்பா நரம்பு ஓடும் பாரு நைனா."

நரம்பு எதுவும் ஓடவில்லை. பருப்புத் தண்ணிபோல மஞ்சளாகத் தெரிந்தது. அடுத்ததும் அப்படியே. காதர் ஒன்பதையும் பார்த்து முடித்தான்.

"கரண்டு போயி சூடு ஏறிடுச்சா?"

"ஐஸு வெச்சிக்கினேதான்டா இருந்தேன்."

"புள்ளிய மேல பாத்துத்தான வெச்சிருந்தீங்க?"

"காலைல மேல, சாயங்காலம் கீழ. ஒரு வேளகூடத் தப்பல. அவன்தான் குறி வெச்சிருந்தானே."

காதர் டார்ச்சை அணைத்தான்.

"புள்ளி எதுக்குடா?" என்றார் தணிகாசலம்.

"வுடு நைனா."

"சொல்றா."

"மேல்பக்கம் கடைசிவரைக்கும் மேலயே இருக்கணும். அதுக்குத்தான். பாம்பு முட்டைல குட்டி உள்ள ஓட்டுல ஒட்டிக்கினுதான் வளரும். திருப்பினா மூழ்கிரும்." போனைச் சட்டைப் பையில் போட்டான். "போன வருசம் கடைல வெச்சிருந்த மொத ஈத்து முட்டைங்கள அவனும் இப்டித்தான் கெடுத்தான். எங்க நைனா திருப்பச் சொல்லிக்கீதுன்னான். அதுக்கப்புறம்தான் மார்க்கர் வாங்கினான்."

தணிகாசலம் முட்டைகளை ஒவ்வொன்றாக அதனதன் குழியில் வைத்தார். புள்ளி மேலே இருக்கும்படிதான் வைத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு சுப்பம்மா வந்தாள். ஒரு கையில் டீ, மறு கையில் ஐஸ் பாட்டில். "இன்னாடா காதரு, உன் கூட்டாளி புள்ளைங்க எப்ப வருதாம்?"

காதர் தணிகாசலத்தைப் பார்த்தான்.

"கொஞ்ச நாளாவும்ங்கிறான்" என்றார் தணிகாசலம்.

காதர் டீயை ஆறவிடாமல் குடித்துவிட்டுக் கிளம்பினான். அவனுடைய ஊன்றுகோல் படிக்கட்டில் இறங்கும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

பொழுது சாய்ந்ததும் தணிகாசலம் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பெட்டிப் பக்கம் பார்க்காமல் வாசலுக்குப் போனார்.

"யோவ், திருப்பாமப் போறியே."

அவர் குனிந்து செருப்பைத் தேடினார். சுப்பம்மா தலையில் அடித்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் அவற்றைத் தொட்டதில்லை. முந்தானையில் கையைத் துடைத்து, மூடியைத் திறந்து, முதல் முட்டையை இரண்டு விரலால் எடுத்தாள்.

"புள்ளி கீழ போவணும், அதானே?"

அவர் வாசல்படியில் நின்றபடி பார்த்தார்.

"ஆமா" என்றார். "மெதுவா."