படுத்துப் பார்த்து வாங்கிய வண்டி

செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு அப்பா மூன்றாவது வேனுக்குள் ஏறினார். பின்கதவுகள் இரண்டும் விரியத் திறந்திருந்தன. தரையில் கிடந்த ரப்பர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி மோந்து பார்த்தார். ஈர வாடை இல்லை. பிறகு மெல்ல முழங்காலை ஊன்றி, மல்லாந்து படுத்துக் கால்களை நீட்டினார். எங்கும் இடிக்கவில்லை.

“என்ன சார், வந்ததுல இருந்து படுத்துப் படுத்துப் பார்க்கறீங்க, என்ஜினைத் திறந்துகூடப் பார்க்கல?” என்றார் பழைய வண்டி விற்பவர். அவர் ரகசியம் பேசினாலே எட்டு ஊருக்குக் கேட்கும்.

“என்ஜினை மெக்கானிக் பார்த்துக்குவான். முதுகை நான்தானே பார்க்கணும்?” என்றார் அப்பா படுத்தபடியே.

முதல் வேனின் அடித்தகடு துருப்பிடித்துக் கையோடு வந்தது. இரண்டாவதில் அப்பாவின் கால் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இது ஒரு சலவைக் கடையில் துணி ஏற்றி இறக்கிய வண்டி. கூரை உயரம், தரை சமம், உள்ளே இன்னும் லேசாகச் சோப்பு மணம். அப்பா ஸ்வெட்டரை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“கதவைச் சாத்தாதீங்க. காத்து நல்லா வருது” என்றார்.

அதன்பிறகு அவரிடமிருந்து பேச்சில்லை.

“தூங்கிட்டாரு” என்று அம்மா உதட்டில் விரல் வைத்தாள். மகளும் தன்னையறியாமல் கால் விரல் நுனியில் நின்றாள்.

அந்த வீட்டுப் பழக்கம் அப்படி. அப்பா ரொட்டி சுடும் பேக்கரியில் காலமெல்லாம் இரவு வேலை பார்த்தவர். ஊர் விழிக்கும்போது அவர் படுப்பார். அவர் தூக்கத்தைக் கலைப்பதுதான் அங்கே ஒரே கொலைக்குற்றம். கதவுக் கீல்களில் எப்போதும் எண்ணெய் இருக்கும். சண்டை வந்தாலும் கிசுகிசுப்பிலேயே கட்டிப் புரளுவார்கள். இவ்வளவு ஒற்றுமையான குடும்பத்தைப் பார்த்ததே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பாவுக்கு இரவில் தூக்கம் வரவில்லை. இதயமும் முரண்டு பிடித்தது. டாக்டர் நிறைய ‘கூடாது’கள் சொல்லி அனுப்பினார். அப்பாவோ தூண்டிலும் கையுமாக ஏரிக்கரை, காட்டோரம் என்று போய், வண்டியிலேயே படுத்து எழ வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். மருந்துக் கடை நடத்தும் மகள், இன்று கூட வந்ததே எல்லா வண்டியிலும் ஏதாவது குறை கண்டுபிடிக்கத்தான். இந்த மூன்றாவதில் ஒன்றும் அகப்படவில்லை.

பின்கதவை ஒட்டி நின்றே தாயும் மகளும் கிசுகிசுப்பில் மோதினார்கள்.

“அம்மா, நீயாவது வேண்டாம்னு சொல்லு. நடுக்காட்டுல நெஞ்சு வலிச்சா என்ன பண்ணுவே?”

“வீட்டுல வலிச்சா என்ன பண்ணுவேன்? அதையே பண்றேன்.”

“விளையாடாதே. எனக்கு அப்பா வேணும்.”

“உனக்கு அவர் இருந்தாப் போதும்டி. எனக்கு அவரோட இருக்கணும்.” அம்மாவின் குரல் இன்னும் இறங்கியது. “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்கினது எத்தனை நாள்னு நினைக்கறே? நான் எழுந்த சூட்டுல அவர் வந்து படுப்பார். ஒரே கட்டிலு, ரெண்டு ஷிப்டு. இப்பவும் வீட்டுல ராத்திரியெல்லாம் நடந்துக்கிட்டே இருக்காரு. வெளியில எங்கயாவது போனா தூக்கம் வரும்ங்கறார். வரட்டுமே.”

வண்டிக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருவரும் ஒரே சமயத்தில் கையை உயர்த்தினார்கள். மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். ‘எங்க வீட்ல இப்படி ஒரு நாளாவது தூங்க விட்டிருக்காங்களா’ என்று அவர் முணுமுணுத்தது தெளிவாகவே கேட்டது. அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மகளுக்குள் ஏதோ இளகியது. அம்மா இப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

“சரி, வாங்கலாம். ஆனா ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற ஏரிக்கரையாப் பார்த்துப் போகணும்.”

“நீயே போய்ச் சொல்லு. நீ வேண்டாம்னுடுவியோன்னுதான் அவர் காலையிலேர்ந்து சாப்பிடக்கூட இல்லை.”

மகள் வண்டிக்குள் குனிந்தாள். தூங்குகிற அப்பாவை வாழ்க்கையில் முதல்முறையாக எழுப்பப் போனாள்.

“அப்பா. வண்டி நமக்குத்தான்பா.”

பாதத்தைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. மணிக்கட்டில் விரல் வைத்தாள். கழுத்தில் வைத்தாள். திரும்பவும் மணிக்கட்டுக்கு வந்தாள்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார். படுத்த கொஞ்ச நேரத்திலேயே, தூக்கத்திலேயே போயிருக்க வேண்டும், வலி தெரிந்திருக்காது என்றார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றும் சொன்னார்.

“எழுப்பியிருக்கலாம்மா” என்றாள் மகள். இப்போதும் அவளுக்குக் குரல் உயரவில்லை. “பக்கத்துலயே நின்னு வாயாடிக்கிட்டு இருந்தோமே. நான் சரின்னு சொன்னதைக்கூடக் கேட்கலையே.”

“வேண்டாம்னு சொன்னதையும்தான் கேட்கல” என்றாள் அம்மா. அப்பாவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். “முகத்தைப் பாரு. வண்டி பிடிச்சுப் போச்சு அவருக்கு.”

உண்மைதான். காலம் முழுக்க ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கிய மனிதரின் முகத்தில் நல்ல வெளிச்சம் விழுந்திருந்தது. மகளுக்கு அழுகை வந்தது. அதோடு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், ஒரு நிம்மதியும் வந்தது.

வண்டிக்காரர் சாவியை நீட்டினார். இதுவரை அவரிடம் யாரும் கேட்டிராத சின்னக் குரலில் பேசினார். “இதுலயே கொண்டுபோங்கம்மா. வண்டியைப் பத்தி ஒண்ணும் யோசிக்காதீங்க. நாளன்னிக்கு நானே வந்து எடுத்துக்கறேன்.”

“எடுக்க வராதீங்க. இது எங்க வண்டி” என்றாள் மகள்.

அம்மா பின்னால் ஏறி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மகள் பின்கதவுகளைச் சாத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். என்ஜின் முதல் முயற்சியிலேயே பிடித்தது. கடைவீதியில் பள்ளம் பார்த்து, இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு போனாள். பின்னால் வந்த லாரிக்காரன் பொறுத்துப் பார்த்து, ஒலியெழுப்பி, தாண்டிப் போனான்.

அம்மா அழுகிறாளோ என்று கண்ணாடியில் பார்த்தாள். அம்மா உட்கார்ந்திருக்கவில்லை. அப்பாவின் பக்கத்தில், அவர் தோளை ஒட்டிப் படுத்துக்கொண்டிருந்தாள். கண்கள் மூடியிருந்தன.

“வீட்டுக்கா போறே?” என்றாள் கண்ணைத் திறக்காமலே.

“ஆமாம்மா. அடுத்த திருப்பம்தான்.”

“அதுக்குள்ளயா?”

திருப்பம் வந்தது. மகள் வண்டியை நேராக விட்டாள்.