ஒரு பிடி விடக் கூடாது

தன் கணவன் பொய் சொல்கிறான் என்று அவள் முடிவுக்கு வந்தது மருத்துவமனை லிஃப்டில், நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில்.

சற்று முன்புதான் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துப் பேசியிருந்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் உறுத்தியது.

"கோதுமை உள்ளே போனா உங்க குடல் புண்ணாகுது. புண் ஆறுற வரைக்கும் பாலும் ஒத்துக்காது. ரெண்டையும் நிறுத்தி அரை வருஷம் ஆச்சுன்னு சொல்றீங்க. கோதுமையை நிஜமா நிறுத்தியிருந்தா இந்த நம்பர் இறங்கியிருக்கணும். அப்படியே நிக்குது."

"நிறுத்திட்டேன் டாக்டர்" என்றான் அவன்.

"மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் இறங்கலைன்னா கடுமையான மருந்துக்குப் போகணும். அதைச் சாப்பிட்டுக்கிட்டு பஸ் ஓட்டலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவன் பஸ் டிரைவர். ஸ்டியரிங்கை விட்டால் டெப்போவின் மூலையில் ஒரு மேஜை காத்திருக்கிறது. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளுக்குச் சீட்டு ஒட்டும் மேஜை. அங்கே உட்கார்ந்த டிரைவர் யாரும் திரும்பவும் வண்டி ஏறியதில்லை.

லிஃப்ட் கதவு மூடியதும் கேட்டாள். "வெளியில எங்க சாப்பிடறீங்க?"

"எங்கயும் இல்ல."

"கேன்டீன்ல?"

"இல்லைங்க, ஆபீசரம்மா."

ஆபீசரம்மா என்பது அவன் வைத்த பெயர். அவளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் புலனாய்வு வேலை. எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, காணாமல்போன நகை என்று யார் இழப்பீடு கேட்டு வந்தாலும், அது நிஜமா நாடகமா என்று போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் அவள் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று. பொய் சொல்கிறவன் கேட்காத விவரத்தையெல்லாம் கொடுப்பான். சட்டை என்ன நிறம், மழை எப்போது விட்டது, பக்கத்தில் யார் தும்மினார்கள் என்பது வரைக்கும்.

இவன் ஒன்றுமே கொடுக்கவில்லை. நன்றாகப் பழகிய பொய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் தவறு நடக்க வழியே இல்லை என்பது அவள் கட்சி. அவனுக்குத் தனி வாணலி, தனிக் கரண்டி, பாத்திரம் தேய்க்கத் தனி நார். எல்லாக் கைப்பிடியிலும் சிவப்பு டேப். கடையில் விற்கும் கோதுமையில்லாத மாவுப் பாக்கெட்டுகளை அவள் தொடுவதே இல்லை. "பாக்கெட்டுல எழுதினதெல்லாம் நிஜம்னா எனக்கு எதுக்கு வேலை?" என்பாள். அரிசியும் சோளமும் தானே வாங்கி, கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, மாவு மில்லுக்குக் கொண்டு போவாள். அரைத்து முடியும் வரை மிஷினுக்கு முன்னால் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டாள். மில்காரர்கள் அடியில் கொஞ்சம் நிறுத்திக்கொள்வார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். அதனால் மாவு இறங்கும் நீளத் துணிப் பையைக் குச்சியால் அடித்து உதறச் சொல்லுவாள். "ஒரு பிடி விடக் கூடாது." மற்றவர்களுக்குக் கையால் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பும் மில்காரர், இவளைக் கண்டாலே குச்சியைத் தேடுவார்.

ஆக, வீடு சுத்தம். மிச்சம் இருப்பது அவன்.

ஒரு நாள் லீவு போட்டாள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவன் பஸ்ஸிலேயே ஏறி, கடைசி சீட்டில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். பஸ் ஊரைச் சுற்றியது. அவன் பிரேக்கைக்கூட அதட்டாமல் போட்டான். கடைசி நிறுத்தத்தில் பயணிகள் இறங்க, கண்டக்டர் பொட்டலத்தைப் பிரித்தான். கண்டக்டருக்குப் பீப்பாய் என்று பெயர், காரணப் பெயர். பொட்டலத்தில் க்ரீம் பன்.

"அண்ணே, ஒரு கடி?"

"குடு." கணவன் பன்னை வாங்கினான்.

அவள் துண்டுக்குள் மூச்சைப் பிடித்தாள். அவன் பன்னை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் நிதானமாக மோந்தான். அப்படியே திருப்பிக் கொடுத்தான். "இன்னிக்கு வெண்ணெய் நல்லதா போட்டிருக்கான்டா" என்றான். கையைத் துடைத்தான். இறங்கிப் போய் மரத்தடியில் அவள் கட்டிக்கொடுத்த சோள ரொட்டியைச் சாப்பிட ஆரம்பித்தான்.

பீப்பாய் கடைசி சீட்டுக்கு நடந்து வந்தான்.

"அண்ணி, இன்னொரு ரவுண்டு வர்றீங்களா?"

அவள் துண்டை இறக்கவில்லை. "யாரு அண்ணி?"

"தலையில இருக்கிற துண்டு அண்ணனோடது. அவர் பொறந்த நாளுக்கு நான் எடுத்துக் குடுத்தது." எதிர் சீட்டில் உட்கார்ந்தான். சீட்டு முனகியது. "அவரு உங்களை ஏறும்போதே கண்ணாடியில பார்த்துட்டாரு. ஒண்ணும் கேக்காதே, பாவம், வேலை பார்க்குதுன்னாரு."

அவள் துண்டை எடுத்து மடித்தாள்.

"அவர் நிஜமாவே வெளியில ஒண்ணும் சாப்பிடறதில்லையா?"

"மோந்து பார்க்கிறதோட சரி. அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. போன மாசம் டிரெயினிங்குக்குப் போனோமில்ல? அங்க அண்ணன் வெறும் சோறும் உருளைக்கிழங்கும்தான். ஒரு நாள்கூட வயித்தைப் பிடிக்கலை. வீட்டுக்கு வந்து மறுநாள் பாருங்க, வண்டியை நிறுத்திட்டு ஓடறாரு." பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டான். "நான் சாப்பாட்டைப் பத்தி மட்டும்தான் கவனிப்பேன். மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது."

அவள் அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினாள். எரிந்த கடைக்குள் நுழைவது போல சமையலறைக்குள் நுழைந்தாள். சோறும் கிழங்கும் இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. இங்கே மட்டும் இருப்பது எது? மேல்தட்டில் மாவு டின். அந்த டின்னைத் தொடும் ஆள் ஒருத்திதான்.

இரண்டு படி அரிசியைப் பையில் போட்டு, ஒரு காலி டின்னையும் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனாள்.

மில்காரர் புருவம் வரை வெள்ளையாக இருந்தார். ஒருத்தி அரைத்த மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். வாசலில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கியபோது வாசனை தெரிந்தது. கோதுமை.

"வாங்கம்மா, கொட்டுங்க." மில்காரர் இவள் பையை வாங்கினார். இன்னொரு கையில் குச்சி தயாராக இருந்தது.

"கொஞ்சம் இருங்க. இப்ப மிஷின் பையைத் தட்டுங்க."

"அரைக்கவே இல்லையேம்மா."

"தட்டுங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடித்தார். காலித் துணிப் பையிலிருந்து மங்கலான பழுப்பு மாவு பொலபொலவென்று அவள் கீழே வைத்த டின்னில் கொட்டியது. அவர் இன்னும் இரண்டு அடி போட்டார். இன்னும் கொட்டியது.

"இது யாரோட மாவு?"

"முன்னாடி அரைச்சவங்களோடது. எல்லாருக்கும் கொஞ்சம் நிக்கும், அடுத்தவங்களோடதுல போயிடும். உங்களுக்குத்தான் ஒரு பிடி விடக் கூடாதே, அதான் மொத்தமா உதறிக் குடுத்துடறேன்." அவர் குரலில் குறை சொல்லும் தொனி எதுவும் இல்லை.

அவள் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது தன் அரிசியை. அதற்கு முன்னால் அந்த மிஷினுக்குள் என்ன போனது என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. டின்னை அங்கேயே கவிழ்த்தாள்.

அன்று சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"விசாரணை முடிஞ்சுது."

"ஆள் கிடைச்சாச்சா?"

"மில்லு மாவுல கோதுமை. நான்தான் அடிச்சு உதறி வாங்கிட்டு வந்திருக்கேன், ஒவ்வொரு தடவையும்."

அவன் செருப்பை ஓரமாக வைத்தான். "சரி. ராத்திரிக்குச் சோறு வடி" என்றான். அவ்வளவுதான். அவள் வேறு எதையாவது எதிர்பார்த்தாள். வரவில்லை.

மூன்று மாதம் சோறும் கிழங்குமாகப் போனது. அவள் வீட்டிலேயே அரைக்க ஒரு சின்ன மிஷின் வாங்கினாள். அவனுக்கு உடம்பு தேறி, இடுப்பு பெல்ட்டில் பழைய ஓட்டை பற்றாமல் போனது. டாக்டரம்மா தாளைத் திருப்பி வைத்தார்.

"பாதிக்கு மேல இறங்கியிருக்கு. மருந்து வேண்டாம், வண்டி ஓட்டுங்க." பேனாவை மூடினார். "இப்பவாவது சொல்லுங்க. முன்னாடி எங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"கேன்டீன்ல டாக்டர். வியாழக்கிழமையானா க்ரீம் பன் போடுவான். நீல ட்ரேயில வெச்சிருப்பான். அன்னிக்கு மழை வேற. பக்கத்துல ஒருத்தன் தும்மிக்கிட்டே இருந்தான், அவன் பார்க்கலைன்னு நானும்..."

சிரிக்காமல்தான் சொன்னான். இத்தனை வருடத்தில் அவன் சொல்லி அவள் கேட்ட முதல் பொய்.

"அவர் பொய் சொல்றார் டாக்டர்" என்றாள் அவள். பிறகு மில்லில் ஆரம்பித்து, குச்சி வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னாள்.