நெடுங்கரை ஏரியில் தூண்டில் நாள்

காலை ஏழரை மணிக்குள் பதினெட்டுப் பிள்ளைகளும் ஏரிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அமலராணி ஒவ்வொரு தலையாக எண்ணி, மணிக்கட்டில் பச்சை ரிப்பன் கட்டிவிட்டாள். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு டீச்சர். மாடம்பாக்கத்தில் வீடு. மூன்றாவது வருடமாக இந்தத் தூண்டில் நாளை நடத்துகிறாள். படப்பையில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் தனசிங் மூங்கில் கழிகள் கொண்டுவந்தார். மீனுக்கு அதிகம் காயம்படக் கூடாது என்று ஒவ்வொரு தூண்டில் முள்ளிலும் பின்நோக்கி நிற்கும் சின்னக் கூரைக் குறடால் நசுக்கி மழுக்கியிருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஃபிரெடி பறவைப் படங்கள் போட்ட அட்டைகளைக் கொடுத்தான். கொக்கு பறந்துவிடும் என்று அவன் கிசுகிசுப்பாகத்தான் பேசுவான். அது போக, பெற்றோர் ஏழெட்டுப் பேர் உதவிக்கு நின்றார்கள்.

அமலராணியின் மகள் ஜெரூஷாவுக்கு ஒன்பது வயது. மைதா உருண்டையை முள்ளில் குத்திப் போட்ட ஐந்தாவது நிமிடம் அவளுக்கு ஒரு ஜிலேபி மீன் மாட்டியது. உள்ளங்கை அகலம். அது துள்ளியதில் அவள் அலறிக் கழியைப் போட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அமலராணி கழியை எடுத்து, மீனைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள். கழி அவள் கையிலேயே இருந்தது.

அப்போதுதான் கரைமேல் அந்த லாரி பின்பக்கமாக வந்தது. கழிவுநீர் லாரி. நூறடி தள்ளி, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் ஓரம் நின்றது. ஒருவன் இறங்கிக் குழாயை ஏரிச் சரிவில் இழுத்துப் போட்டான். டிரைவர் ஓர் இரும்புக் கம்பியை மாட்டி வால்வைத் திருகினான். கறுப்பாகக் கொட்டியது. நாற்றம் வந்த வேகத்தில் சின்னப் பிள்ளை ஒன்று காலை தின்ற இட்லியை அங்கேயே வாந்தி எடுத்தது.

"நீங்க பசங்களப் பாத்துக்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு தனசிங் நடந்தார். போகும்போதே செல்போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

"இன்னாத்துக்கு வீடியோ எடுத்துகினு வர்ற?" என்றான் டிரைவர். அவன் பெயர் பாலு என்பது பிறகுதான் தெரிந்தது. முப்பது வயதிருக்கும். "கழிவுநீர் ப்ளாண்டுக்குப் போனா அரை நாளு க்யூ. ஓனர் எங்கள உட்டு வைப்பாரா? போய்க்கினே இரு."

"பசங்க மீன் பிடிக்கிற தண்ணிப்பா. நம்பர் பிளேட்டும் எடுத்துட்டேன். குழாய மூடு."

"அழி."

"மூடு மொதல்ல."

பாலு வால்விலிருந்து கம்பியை உருவினான். முதல் அடி போனின் மேல் விழுந்தது. இரண்டாவது தனசிங்கின் முன்கையில். பச்சைக் கிளை ஒடிவதுபோல் ஒரு சத்தம் கரை முழுக்கக் கேட்டது. தனசிங் மண்டியிட்டார். மூன்றாவது அடி அவர் தோளில் இறங்கியது.

அமலராணி பிள்ளைகளை உட்காரச் சொல்லிக் கத்தினாள். பழகிய குரல் என்பதால் உட்கார்ந்தார்கள். பறவைகளைப் படமெடுக்க அவள் கழுத்தில் ஒரு கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. பாலுவின் கண் அதன் மேல் பட்டது. கம்பியோடு நேராக அவளிடம் வந்தான்.

"நீயும் எடுத்தியா? கொண்டா!"

"நான் எடுக்கல. பசங்க இருக்காங்க, தள்ளிப் போ."

அவன் கேமராவைப் பிடித்து இழுத்தான். வார் அறுபடவில்லை. வாரை முறுக்கினான். அவள் கழுத்து இறுகியது. காதுக்குள் ரத்தம் இடித்தது. "அம்மா" என்று ஜெரூஷா கூப்பிடுவது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது. கையிலிருந்த மூங்கில் கழியைத் திருப்பிப் பிடித்து, அடிப்பக்கத்தால் அவன் முகத்தில் இடித்தாள். மூக்கெலும்பு நொறுங்கியதை அவள் உள்ளங்கை உணர்ந்தது. அவன் பிடியை விட்டான். கம்பி கீழே விழுந்தது. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கழியைச் சுழற்றி மறுபடியும் அடித்தாள். அதற்கு மேலும் ஒரு முறை. தூண்டில் நரம்பு அவன் தலையைச் சுற்றிக்கொண்டது. முள் கன்னத்தில் ஏறியது. அவள் வெறியோடு இழுத்தாள். அவன் அலறியபடி அந்த இழுப்புக்கு வந்தான். மழுங்கிய முள் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவன் விழுந்தான்.

அதுவரை அசையாமல் நின்ற பெற்றோர்கள் அவன் விழுந்ததும் ஓடிவந்தார்கள்.

முதல் உதை ஃபிரெடியுடையது. விலாவில் உதைத்தான். அவன் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. குனிந்து எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் உதைத்தான். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் பெல்ட்டைக் கழற்றினார். தீபலட்சுமி என்ற சின்னப் பெண்ணின் அப்பா, அந்த இரும்புக் கம்பியையே எடுத்துப் பாலுவின் முழங்காலில் போட்டார். லாரியின் இன்னொரு ஆள் புதருக்குள் புகுந்து ஓடியே போய்விட்டான்.

"குழந்தைங்க இருக்கிற எடத்துலயாடா? குழந்தைங்க இருக்கிற எடத்துலயா?" என்று ஃபிரெடி கத்திக்கொண்டே மிதித்தான். அவன் கத்துவதை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"சார், உட்ருங்க சார்... ரெண்டு கொயந்திங்க கீது சார் எனக்கு..."

"கொண்டாந்தத அவனே குடிக்கட்டும்" என்றார் பெல்ட்காரர்.

அவனைக் காலைப் பிடித்துக் குழாய்வரை இழுத்துக்கொண்டு போனார்கள். குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. பாலுவின் தலைமுடியைப் பிடித்து அந்தக் கறுப்புச் சேற்றுக்குள் முகத்தை அழுத்தினார்கள். அவன் கால்கள் உதறின. தூக்கினார்கள். இருமினான். மறுபடியும் அழுத்தினார்கள். இரண்டாவது முறை கால்கள் அவ்வளவாக உதறவில்லை.

அமலராணி கத்திப் பார்த்தாள். தொண்டை வீங்கி, காற்றுதான் வந்தது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று திரும்பினாள். அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. கும்பலாக நெருங்கி வந்திருந்தார்கள். ஒரு பையன் கல்லை எறிந்தான். தீபலட்சுமி எறிந்தாள். ஜெரூஷா குனிந்து, கைக்கு அடங்காத ஒரு ஜல்லியைப் பொறுக்கி, மீன் மாட்டியபோது இருந்த அதே சிவந்த முகத்தோடு வீசினாள்.

அமலராணி ஓடினாள். ஆட்களுக்கு நடுவே புகுந்து, பாலுவின் மேல் குப்புற விழுந்தாள். அவன் தலையை வாரி எடுத்துச் சேற்றுக்கு வெளியே தன் கைமேல் வைத்துக்கொண்டாள். பெல்ட் அவள் முதுகில் விழுந்தது. ஃபிரெடியின் உதை அவள் இடது விலாவில் பட்டது. உள்ளே ஏதோ விட்டுப்போனது. அவள் நகரவில்லை.

"டீச்சர்" என்றான் ஃபிரெடி. கால் பாதி தூக்கியபடி நின்றுவிட்டது. "டீச்சர்... நான் உங்கள..."

குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒற்றைக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தனசிங்தான் கீழே கிடந்த கம்பியைப் பொறுக்கி, தட்டுத்தடுமாறிப் போய் வால்வை மூடினார்.

அமலராணி விரலை விட்டு பாலுவின் வாயிலிருந்த சேற்றைத் தோண்டி எடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் தட்டினாள். நான்காவது தட்டலில் அவன் வாந்தி எடுத்தான். மூச்சு வந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள், போலீஸில் என்ன சொல்வது என்று பெற்றோர்கள் கூடிப் பேசி முடிவுசெய்துவிட்டார்கள். டிரைவர் தப்பி ஓடப் பார்த்தபோது சரிவில் உருண்டு விழுந்துவிட்டான், அவ்வளவுதான் நடந்தது.

மாலையில் ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அமலராணிக்கு ஒரு விலா எலும்பு முறிந்திருந்தது. பேச முடியாமல் காகிதம் வாங்கி எழுதினாள். தனசிங்கை அவன் அடித்ததை எழுதினாள். தன் கழுத்தை நெரித்ததை எழுதினாள். அவன் பிடியை விட்ட பிறகும் தான் இரண்டு முறை அடித்ததை எழுதினாள். மற்றவர்கள் செய்ததையும் ஒன்றுவிடாமல் எழுதினாள்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "உங்க பேரையும் சேத்துதான் கேஸ் போடணும், தெரியும்ல மேடம்?" என்றார். அவள் தலையாட்டினாள்.

பாலு ஒரு கண்ணில் பார்வை பாதி போய்த்தான் எழுந்தான். ஆஸ்பத்திரியிலிருந்தே ஜெயிலுக்குப் போனான். லாரியைப் பிடித்து வைத்தார்கள். ஓனரும் இரண்டு நாள் உள்ளே இருந்தார். ஃபிரெடி உள்பட நான்கு பேர் மேலும், அமலராணி மேலும் வழக்கு நடக்கிறது. ஃபிரெடி ஒரு முறை வந்தான்; வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனான். மற்றவர்கள் வரவில்லை. தூண்டில் நாள் குழுவின் வாட்ஸ்அப்பில் அவளைத் திட்டி ஒரு நாளைக்கு நூறு செய்தி வந்தது. பிறகு அவளை நீக்கிவிட்டார்கள்.

கையில் பிளேட் வைத்துத் தைத்திருந்த தனசிங்தான் முகத்துக்கு நேராகக் கேட்டார். "எனக்காகத்தான அடிச்சாங்க. அவங்களப் போய் மாட்டிவிட்டீங்களே டீச்சர்."

"அவன் செத்துட்டிருந்தான் அண்ணா."

"என் கை இனிமே மேல தூக்காது. அது தெரியுமா உங்களுக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் எழுந்து போனார். அடுத்த வாரம் ஒரு பை சாத்துக்குடி கொடுத்தனுப்பினார்.

ஜெரூஷா பத்து நாள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. பதினொன்றாம் நாள், பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா. நான் எறிஞ்ச கல்லு அந்த ஆள் மேல பட்டுச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அத்தனை கல்லில் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும். ஆனால் அமலராணி பார்த்திருந்தாள். அவள் கை பின்னலில் நின்றது.

"பட்டுச்சு" என்றாள். "காதுக்குப் பக்கத்துல."

குழந்தையின் தோள் ஒரு முறை குலுங்கியது. "நீ அடிச்சதும் பட்டுச்சுல்ல?"

"பட்டுச்சு. என்னோடதுதான் முதல்ல."

ஜெரூஷா திரும்பி, விலா வலிக்கும் என்று தெரிந்தவளாய் மெதுவாக, அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். பள்ளி வேன் தெருமுனையில் இரண்டு தரம் ஹாரன் அடித்தது. அன்றைக்கு இருவரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.