டாஷ்போர்டுக்கு அடியில் எரிந்த பல்பு

காலை ஒன்பது மணிக்குள் இரண்டு வண்டிகளின் பேட்டரி முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, கரண்ட் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. இருபத்தெட்டு வருடமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பதால் எல்லோருக்கும் அவர் கரண்ட்தான். அவருக்குக் கோபம் வந்தால், "கரண்ட் போச்சு, இனி பேசிப் பிரயோஜனமில்ல" என்று மனைவியே எழுந்து போய்விடுவாள்.

தங்கையின் கணவர் தன் பழைய பிக்கப் வண்டியைப் பட்டறைக்குள் விட்டார். பின்தளம் நிறைய வெள்ளை மூட்டைகள். சலவை நிலையத்திலிருந்து நான்கு மருத்துவமனைகளுக்குத் துவைத்த துணியைக் கொண்டுபோய், அழுக்குத் துணியைத் திருப்பிக் கொண்டுவருவது அவர் தொழில்.

"மச்சான், குரூஸ் கன்ட்ரோல் மக்கர் பண்ணுது. பட்டனை அமுக்குறேன், என்னைக் கண்டுக்கவே மாட்டேங்குது. உங்க தங்கச்சி மாதிரியே."

"அவ கண்டுக்கலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். இதுக்கும் இருக்கும். இறங்கு மாப்ள."

காலை மிதியில் வைக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் கருவி அது. பலருக்கு அது சொகுசு. ஏணியிலிருந்து விழுந்து வலது முழங்காலைக் கெடுத்துக்கொண்ட மாப்பிள்ளைக்கோ, அது இல்லாமல் நெடுஞ்சாலையில் தினம் மூன்று மணி நேரம் ஓட்ட முடியாது. மாலையில் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும்.

கரண்ட் முதலில் ஃபியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டனை மீட்டர் வைத்துப் பார்த்தார். அதுவும் சரி. பிறகு பிரேக் மிதியின் தலைப்பக்கம் குனிந்தார்.

இந்தப் பழைய வண்டிகளில் குரூஸ் கன்ட்ரோலை இயக்கும் பெட்டி ஒரு சந்தேகப் பிராணி. வேகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதற்கு முன், ஓட்டுநர் பிரேக் போட்டால் தனக்குத் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளும். பிரேக் மிதியை ஒட்டி ஒரு சுவிட்சு உண்டு. மிதித்தால் அதிலிருந்து ஒரு வயர் வழியே மின்சாரம் பின்னால் போய்ச் சிவப்பு விளக்குகளை எரிய வைக்கும். அதே வயரின் ஒரு கிளை குரூஸ் பெட்டிக்கும் வருகிறது. கால் மிதியில் இல்லாத நேரத்தில், பெட்டி அந்தக் கிளை வழியாகப் பின்னால் எட்டிப் பார்க்கும். வயர், பல்புக்குள் இருக்கும் மெல்லிய இழை, அங்கிருந்து வண்டியின் இரும்பு உடம்பு என்று பாதை முழுசாக இருந்தால் நம்பும். நடுவில் எங்காவது அறுந்திருந்தால், தலைகீழாக நின்றாலும் வேலை செய்யாது.

"பிரேக்கை மிதி மாப்ள."

மாப்பிள்ளை மிதித்தார். கரண்ட் பின்னால் போய்ப் பார்த்தார். இரண்டு பக்கமும் இருட்டு. பல்புகளை மாற்றினார். அப்போதும் இருட்டு. ஈர மூட்டைகளிலிருந்து சொட்டிய தண்ணீர், தளத்துக்கு அடியில் போகும் வயர்க்கட்டில் இறங்கி, எங்கோ செம்பைத் தின்றிருக்கிறது.

"பெட்டி ஒழுங்காத்தான் இருக்கு. உன் பிரேக் லைட்டு செத்துப் போச்சு. அதனாலதான் இது மாட்டேன்னு நிக்குது."

"எவ்ளோ நேரமாகும்?"

"ஒயர்க்கட்டை அவுத்து, எங்க அறுந்திருக்குன்னு தேடணும். அரை நாள் வச்சுக்க."

"அரை நாளா! பன்னெண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி போகணும் மச்சான். லேட்டானா வேற வண்டியைக் கூப்பிட்டுக்குவாங்க. அப்புறம் நானும் உங்க தங்கச்சியும் உங்க வீட்டுக்குத்தான் வரணும், பாத்துக்கோங்க."

"பிரேக் லைட்டே இல்லாம போன மாசம் தகுதிச் சான்று எப்படி வாங்கின?"

மாப்பிள்ளை சிரித்தார். "வண்டி எங்க போச்சு? பேப்பர்தான் போச்சு. ஆபீஸ்ல நமக்கு வேண்டியவர் ஒருத்தர் இருக்காரு. உக்காந்த இடத்துலயே கையெழுத்து."

"நல்லா இருக்கு உங்க கூத்து" என்றார் கரண்ட். ஆனால் அதற்குள் அவர் கை ஒரு சின்ன பல்பை எடுத்துவிட்டிருந்தது.

வயரிங்காரர்கள் அதை டிமிக்கி பல்பு என்பார்கள். குரூஸ் பெட்டிக்கு வரும் கிளை வயரில் ஒரு சின்ன பல்பைக் கோத்து, மறுமுனையைப் பக்கத்து இரும்பில் இணைத்துவிட்டால் போதும். பெட்டி எட்டிப் பார்க்கும்போது ஒரு பல்பு தெரியும். அது பின்னால் இருக்கிற பல்பா, டாஷ்போர்டுக்கு அடியில் கட்டித் தொங்கவிட்ட பல்பா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஐந்து நிமிட வேலை. பட்டன் பிடித்துக்கொண்டது.

"மச்சான்னா மச்சான்தான்!"

"ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வண்டியைக் கொண்டா. பின்னாடி சரி பண்ணணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி. கரண்டும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

பதினோராம் நாள் பிற்பகல், நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரியிலிருந்து ஒரு தார்ப்பாய் அவிழ்ந்து சாலையில் விழுந்தது. மாப்பிள்ளை பிரேக்கை அழுத்தி மிதித்தார். குரூஸ் உடனே பிடியை விட்டது. டாஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுநரின் காலணியைத் தவிர வேறு எதற்கும் தெரியாத இடத்தில், சின்ன பல்பு பளிச்சென்று எரிந்தது. வண்டியின் பின்பக்கம் இருண்டே கிடந்தது. பின்னால் இருசக்கர வண்டியில் வந்த பெண் அப்படியே வந்து மோதினாள்.

போலீஸ்காரர்கள் பிக்கப்பை இழுத்துவந்து கரண்டின் பட்டறை முற்றத்தில் நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து விபத்து ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் மாப்பிள்ளை கரண்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், அந்த பல்பைக் கழட்டிட்டு பின்னாடி ஒயரைச் சேத்துடுங்க. நம்ம ரெண்டு பேருக்குத்தான தெரியும். அந்தப் பொண்ணு வேகமா வந்து இடிச்சதா இருக்கட்டும். சான்று கையில இருக்கு, நம்மள ஒண்ணும் பண்ண முடியாது."

கரண்ட் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் தங்கை அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். அந்த பல்பு விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது. போய்ப் பார்ப்பதுதான் மரியாதை என்று, பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அடிபட்டவள் அச்சகத்தில் புத்தகம் தைத்துக் கட்டுகிறவள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வலது மணிக்கட்டுக்குள் இரும்புக் கம்பிகள். விரல் நுனிகள் மட்டும் கட்டுக்கு வெளியே, வீங்கி, அசையாமல் கிடந்தன. அவள் மேல் போர்த்தியிருந்த விரிப்பின் ஓரத்தில் சலவை நிலையத்தின் நீல முத்திரை. தங்கையும் அதைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஏற்றிவந்த துணி.

வந்திருப்பவர்கள் யாரென்று சொன்ன பிறகும் அவள் திட்டவில்லை. அதுதான் கரண்டுக்குத் தாங்கவில்லை.

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் சார். முன்னாடி சிவப்பா எதுவும் தெரிஞ்ச மாதிரியே இல்ல. ஆனா வண்டிக்குப் போன மாசம்தான் சான்று குடுத்திருக்காங்களாம், லைட்டெல்லாம் சரியாத்தான் இருந்திருக்கும்னு சொல்றாங்க. அப்போ நான்தான் பாக்கலயோ என்னவோ. எங்க வீட்டுக்காரரும், நீ எந்த நெனப்புல வந்தியோன்னு கேக்குறாரு." பேசி முடித்து மூச்சு வாங்கினாள். "நானே எமனாயிட்டேன் எனக்கு."

கரண்ட் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சரியாத்தான்மா பாத்தீங்க. பின்னாடி லைட்டு எரியல. அது எரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வண்டியை ரோட்டுக்கு அனுப்பினேன்."

தங்கையின் கையிலிருந்த பழப்பை நழுவியது. அடிபட்டவள் அவர் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அப்போ எம் மேல தப்பு இல்ல?"

"இல்லம்மா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போயிடுங்க சார். இதுக்கு மேல பேசினா நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது."

வெளியே வந்ததும் தங்கை சுவரில் சாய்ந்து நின்றாள். "அண்ணே, அவரை உள்ள தூக்கி வச்சிடுவாங்கண்ணே."

"என்னையும்தான் வைப்பாங்க."

"பொய் சொல்லுன்னு நான் கேக்கல. கேட்டா அந்தப் பொண்ணு மூஞ்சி தூங்க விடாது. ஆனா கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட பேசாத." அவள் முன்னால் நடந்து போய்விட்டாள். கரண்ட் தனியாக வீடு திரும்பினார்.

மறுநாள் காலை ஆய்வாளர் வந்தபோது மாப்பிள்ளை மூலையில் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தார். கரண்ட் கேட்காமலே டாஷ்போர்டின் கீழ்த் தகட்டைக் கழற்றினார். ஆய்வாளரைக் குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டு பிரேக்கை மிதித்தார். சின்ன பல்பு எரிந்தது.

"இதை யாரு வச்சது?"

"நான்தாங்க."

"ஒயர் எங்க அறுந்திருக்கு?"

"தேடல சார். தேடினாத்தான் தெரியும்."

தேடச் சொன்னார் ஆய்வாளர். கரண்ட் வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்தார். வயர்க்கட்டை அவிழ்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. பின்சக்கரத்துக்கு மேலே, கை எட்டும் தூரத்தில், உறையின் ஓரிடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. விரலால் தொட்டதும் வயர் இரண்டாகப் பிரிந்து தொங்கியது. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிடம்.

"இதைச் சேக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம் சார்." கரண்டின் குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. "அரை நாள்னு பாக்காமலே சொன்னேன். அரை நாளே ஆகியிருந்தாலும் பண்ணியிருக்கணும்."

"பின்னாடி லைட்டு இல்லாத வண்டிக்குத் தகுதிச் சான்று எப்படிக் கிடைச்சது?"

ஆய்வாளரின் பார்வை மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை எழுந்து நின்றார். "வண்டியை யாரும் பாக்கலங்க. ஆள் வச்சு வாங்கினேன்" என்றார். சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். கரண்ட் அடியிலிருந்து வெளியே வந்து, உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் நின்றார்.

"இதையும் எழுதிக்கோங்க சார்" என்றார். "ஆபத்து இருக்கு, ஓடாதன்னு இந்த வண்டி எங்ககிட்ட ஒழுங்கா சொல்லிச்சு. நான் ஒரு பல்பை வச்சு அதோட வாயை அடைச்சேன். ஆபீஸ்ல இருந்தவரு ஒரு கையெழுத்தை வச்சு அடைச்சாரு. எங்க எல்லாருக்கும் அவங்கவங்க வேலை ஆச்சு. பின்னாடி ஒரு பொண்ணு வந்துக்கிட்டு இருந்தா. அவளை நெனச்சுப் பாக்க எங்கள்ல ஒருத்தருக்கும் நேரம் இல்ல. எச்சரிக்கையை ஏமாத்திட்டு வேலையை முடிக்கிறவன், அடுத்தவங்க உடம்பை வச்சுத்தான் முடிக்கிறான் சார்."