பிலோமினாக்கா ஏற்றாத மெழுகுதிரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்டு வாங்கப்படுவது. இங்கே மலேசியாவில், கிள்ளானில் மாதா கோயிலுக்கு மறைபரப்பு ஞாயிறு மலர் போடும் பெர்னார்ட் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிநாட்டுல நம்ம சிஸ்டருங்க ஆதரவில்லாத பிள்ளைங்களுக்கு நம்பிக்கை குடுக்கறாங்கல்ல, அதை எழுதுங்க பாஸ். பாசிட்டிவா இருக்கட்டும் லா. அழுகை வேணாம்."

நான் முருகன் கோயிலுக்குப் போகிற ஆள் என்பது அவருக்குத் தெரியும். என் எதிர்வீட்டுப் பிலோமினாக்காவின் ஒரே மகள் சிஸ்டர் கிளாடிஸ், தீமோரில் அநாதைப் பிள்ளைகளை வளர்க்கிறார் என்பதும் தெரியும். விடுவாரா மனுஷன்?

முதல் வரி: தீமோரின் மலைக்கிராமம் ஒன்றில் மூடுபனி விலகியபோது, சிஸ்டர் கிளாடிஸின் கண்களில்—

(விட்டுவிட்டேன். நான் தீமோரைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்வீட்டுச் சமையலறைதான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.)

2

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பிலோமினாக்கா கைப்பேசியை மிளகாய்த்தூள் டின்னில் சாய்த்து வைப்பார். திரையில் கிளாடிஸ் வருவாள். மகளை அரை நிமிஷம் பார்ப்பதற்குள் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்து மறைத்துவிடும். "தள்ளுங்க லா, நான் பெத்த முகத்தைக் கொஞ்சம் பாத்துக்கறேன்" என்று அக்கா தமிழில் சொல்வார். அதுகளுக்குப் புரியாது, சிரிக்கும்.

ஒன்று மட்டும் சிரிக்காது. ஜசிந்தா. ஏழு வயது. வெள்ளம் வீட்டை அடித்துக்கொண்டு போன பிறகு வாயே திறக்காத பிள்ளை. அக்கா அவளிடம் வாராவாரம் தன் பாசார் மலாயில், அதாவது சந்தைக்கடை மலாயில், "சூடா மாக்கான்?" என்று கேட்பார். சாப்பிட்டாச்சா என்று. அந்தப் பக்கம் மலாய் மாதிரியே இருக்கும் இந்தோனேசிய மொழி கொஞ்சம் புழங்கும், அதனால் புரியும். பதில் வராது. ஒரு ஞாயிறு பிள்ளை திரைக்குக் கிட்டே வந்து, "பெலும்" என்றது. இன்னும் இல்லை.

அந்த இல்லத்தில் அது பேசிய முதல் சொல் அதுதான். கிளாடிஸ் அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடினாள். இப்போது ஜசிந்தா வாயை மூடுவதில்லை.

(இங்கே நிறுத்தியிருந்தால் பெர்னார்டுக்குப் பரம திருப்தி.)

3

ஆனால் அக்கா ஒரு விஷயம் சொல்லித் தொலைத்தார்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். நேர்ச்சை வைத்துப் பிறந்த பிள்ளையைத் திருவிழாவன்று மாதா பீடத்துப் படியில் கிடத்திக் கொடுத்துவிட வேண்டும். பிறகு பிள்ளையின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றி, "என் பிள்ளையைக் குடு தாயே" என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அக்கா கிடத்தினார். கிளாடிஸ் வீரிட்டாள். வெளியே வாடகை பஸ் ஹார்ன் அடித்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டார். மெழுகுதிரி பைக்குள்ளேயே கிடந்தது.

மகள் கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்று நின்றபோது ஊரே ஆச்சரியப்பட்டது. அக்கா படவில்லை.

"நான் கேட்டு வாங்கல தம்பி. அவங்க வச்சுக்கிட்டாங்க."*

* பெர்னார்டின் குறிப்பு: "இதை வெட்டிடுங்க பாஸ், ஃபாதர் ஏசுவாரு." வெட்டவில்லை.

4

இப்போது அக்காவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. டயாலிசிஸ் முடிந்து வந்தால் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். போன வாரம் கிளாடிஸின் கன்னியர் சபைத் தலைவி மணிலாவிலிருந்து கூப்பிட்டார். சிஸ்டர் தானாகக் கேட்க மாட்டார், தாய் கேட்டால் கிள்ளானுக்கே அனுப்பிவிடுகிறோம், ஆனால் அங்கே அவர் இடத்துக்கு இப்போதைக்கு வேறு ஆளில்லை, ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லுங்கள் என்றார்.

மறுநாளே அக்கா கிளாடிஸ் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி சொல்லிச் செய்து வாங்கிவந்தார். கிராப் வாடகைக் காரின் ஜன்னலுக்கு வெளியே அது நீட்டிக்கொண்டு வந்தது. "ஆன்டி, இது என்ன பைப்பா?" என்றானாம் டிரைவர். இப்போது ஐஸ்பெட்டி ஓரம் நிற்கிறது.

ஏற்றவில்லை. "என் பிள்ளை எனக்கு வேணும் தம்பி" என்றார். "அவ கையால ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போயிடணும்." சொல்லிவிட்டு, யாரோ கேட்டுவிட்டது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

5

முடிவு அ: பிலோமினா மெழுகுதிரியைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டு, "என் மகள் அந்தப் பிள்ளைகளோடேயே இருக்கட்டும்" என்றாள். முகத்தில் ஓர் ஒளி—

பெர்னார்டுக்குப் பிடித்துவிட்டது. அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாருக்கு தம்பி. யாரு இந்தப் பொம்பளை?"

முடிவு ஆ: மெழுகுதிரி எரிகிறது. கிளாடிஸ் பெட்டியோடு வந்து இறங்குகிறாள். அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுக்கிறாள். அங்கே ஜசிந்தா மறுபடியும்—

(இதை என்னால் எழுத முடியவில்லை. எழுதினால் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.)

6

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். இன்று ஞாயிறு. அக்கா வரச்சொன்னார், வந்து உட்கார்ந்திருக்கிறேன். சபைத் தலைவி கூப்பிடுவதற்கு முன்னால் தீமோரிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் கிளாடிஸ் இல்லை. ஜசிந்தா மட்டும். சிஸ்டர் போய்விடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. மெதுவாக மலாயில் கேட்டாள்:

"இபு, சிஸ்டர் யாரோட பிள்ளை?" இபு என்றால் அம்மா.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்தார். என் பக்கம் திரும்பினார்.

"நீதானே தம்பி கதை எழுதறே. இதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

வாசிக்கிற உங்களைத்தான் கேட்கிறேன், சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பிள்ளை லைனில் காத்துக்கொண்டிருக்கிறது.